முதுகு காட்டி நின்ற கல்

எனக்கு எழுத்து அதிகம் வராது. மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படியே, மெதுவாகத்தான். கல்லில் என் கை அப்படித் தயங்கி நிற்காது. செங்கல்பட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பக்கம் எந்த வீட்டு அம்மியைப் புரட்டிப் பார்த்தாலும் எங்கள் வீட்டு உளி பட்டிருக்கும். அம்மி, ஆட்டுக்கல், உரல், மாட்டுத் தொட்டி என்று எல்லாம் வெட்டுவோம். அப்பா கோயிலுக்குச் சிலுவையும் வெட்டுவார். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

நாங்கள் வேதக்காரர்கள். அப்பாவுக்கு இரண்டு தலைமுறை முன்னால் ஞானஸ்நானம் வாங்கினது. அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் வேறு மாதிரிக் கல்லும் வெட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர் ஏரிக்கரையில் அப்படி ஒன்று நிற்கிறது. ஒரு ஆள், கையில் வில், தலைக்கு மேலே சூரியனும் சந்திரனும். மாடு மீட்கப் போன இடத்தில் செத்தவன், உடம்பு ஊர் வந்து சேரவில்லை என்பார்கள். உடம்பு வராதவனுக்குக் கல் வெட்டி, அதை மூன்று நாள் தண்ணீரில் கிடத்தி, அப்புறம்தான் நடுவார்களாம். சின்ன வயதில் நான் அந்தக் கல்லுக்கு ஒரு பிடி தும்பைப் பூ வைத்தேன். அப்பா முதுகில் ஒன்று போட்டார். வேதக்காரர்கள் அதெல்லாம் செய்யக்கூடாது என்றார். ஆனால் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவர் அதன் தலையில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் நடந்ததில்லை. கேட்டால், வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார்.

கல்யாணம் ஆன பிறகு நானும் வீட்டுக்காரரும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைக் குப்பம் ஒன்றுக்குக் குடி வந்தோம். அவரும் கல் வேலைதான். மீன்பிடிக்கிறவர்களுக்கு நங்கூரக் கல் வேண்டும். நடுவில் துளை போட்டுக் கயிறு கோக்கிற மாதிரிக் கொடுப்போம். அவர் துளை போடுவார், நான் ஓரம் தட்டிக் கொடுப்பேன். மாமல்லபுரத்துச் சிலைக்காரர்கள் எங்களை அம்மிக்காரங்க என்று ஒரு தினுசாகச் சொல்வார்கள். உங்கள் வீட்டில் குழம்புக்கு மசாலாவைச் சிலை மேலே வைத்தா அரைக்கிறீர்கள் என்று நான் ஒரு முறை கேட்டேன். அதற்குப் பிறகு என் காதுபடச் சொல்வதில்லை.

இது எழுபதுகளின் நடுவில். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம்.

கல் வேலை இல்லாத நாட்களில், கட்டுமரத்தில் ஆள் குறைந்தால் அவர் கூடப் போவார். ஆவணி மாதம் ஒரு காலை மூன்று பேர் போனார்கள். அலை குறுக்கே அடித்து மரம் புரண்டது. இரண்டு பேர் நீந்திக் கரைக்கு வந்தார்கள். கல் கொத்துகிறவருக்கு நீச்சல் எங்கிருந்து வரும்.

நீந்தி வந்தவர்களில் ஒருவரான கட்டுமரத்துக்காரரே வந்து வாசலில் நின்று சொன்னார். சொட்டச் சொட்ட நின்றார். எனக்கு அவர் காலடியில் சேர்ந்துகொண்டிருந்த தண்ணீர்தான் கண்ணில் பட்டது. அடுப்பில் நொய்க் கஞ்சி இருந்தது. இறக்கினேன். உப்புப் போட்டேன். அதைக் குடித்தும் முடித்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொன்னாள். எனக்கு அது நினைவில்லை.

எட்டு நாள் தேடினார்கள். கரையோரமாகக் கடப்பாக்கம் வரைக்கும் நடந்தார்கள். வடக்கே கோவளத்துக்கும் பஸ்ஸில் ஆள் போய்ச் சொல்லி வைத்தார்கள். ஒன்றும் ஒதுங்கவில்லை. நான் எட்டு நாளும் ஒரு ஆட்டுக்கல்லைக் கொத்திக்கொண்டிருந்தேன். அதை யார் கொத்தச் சொன்னார்கள் என்பதும் மறந்துவிட்டது. குழியை ஆழமாகக் கொத்திக்கொண்டே போய் ஒரு நாள் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. உளி மறுபக்கம் மண்ணில் குத்தியதும்தான் நிறுத்தினேன்.

பக்கத்து வீட்டுக்காரி மீன் விற்கிறவள், என்னைவிட இளையவள், எங்கள் வேதம் இல்லை. தினம் கூடையை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

"யக்கா, ஒரு தபா அழுதுடு. ஊரே காத்துகினு கீது."

"வரும்போது வரட்டும்."

"அது இன்னா பஸ்ஸா, வரும்போது வர்றதுக்கு?"

அவள் எனக்கும் சேர்த்துக் கொஞ்சம் அழுதுவிட்டுப் போனாள்.

எங்கள் குப்பத்துக் கோயில் சின்னது. சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிளில் வருவார். கோயிலுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பை ஒட்டி, இடுப்பளவு மதில் வைத்த கல்லறைத் தோட்டம். கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் கல்லறைத் திருநாள் வரும். அன்றைக்கு எல்லோரும் அவரவர் குழிக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சாமியார் ஒவ்வொரு குழியாகப் போய் மந்திரித்த தண்ணீர் தெளிப்பார். அந்த வருஷம் நான் எங்கே போய் நிற்பது? எனக்கு வந்த ஒரே நினைப்பு இதுதான். வேறு எதுவும் உள்ளே இறங்கவில்லை, இது மட்டும் பல் வலி மாதிரி நின்றது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து சாமியார் சைக்கிள் பூட்டைத் திறக்கிற நேரத்தில் போய்க் கேட்டேன்.

"உடம்பு இல்லாம கல்லறை எப்படிம்மா வெக்கிறது? அவர் பேரைச் சொல்லி மூணு பூசை வைக்கிறேன்."

"பூசை வைங்க சாமி. திருநாள் அன்னிக்கு எல்லாரும் அவங்கவங்க குழியாண்ட நிப்பாங்க. நான் எங்க நிக்கிறது?"

"கோயில்ல வந்து முழங்கால் போடு."

"கோயில் எல்லாருக்கும் பொது. எனக்கு அவரு இடம் வேணும்."

"இடமே கம்மி. ரெண்டு குடும்பம் வேற கேட்டு வெச்சிருக்காங்க."

"படுக்க இடம் கேக்கல சாமி. ஒரு கல்லு நிக்க ஒரு முழம்."

அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. கடைசியில் சொன்னார்: தெற்கு மதில் ஓரம் ஒரு முழம். சின்னதாகச் சிலுவைக் கல். திருநாள் சாயங்காலம் அது நட்டு நிற்க வேண்டும், அன்றைக்கே மந்திரித்துவிடுவார். அன்று அங்கே கல் இல்லை என்றால் இடம் மற்றவர்களுக்குப் போகும்.

என் அண்ணன் ஊரிலிருந்து மாட்டு வண்டியில் கல் கொண்டுவந்தான். இரண்டரை முழ உயரம், ஒரு சாண் கனம், நல்ல கருங்கல். தட்டினால் வெண்கலம் மாதிரிச் சத்தம் வந்தது. நான் வெட்டப்போவது வெறும் சிலுவை இல்லை என்று சொன்னேன். கடலில் போனவர், உடம்பு வரவில்லை, அதனால் ஏரிக்கரைக் கல் மாதிரி ஆளோடு வெட்ட வேண்டும், வில்லுக்குப் பதில் துடுப்பு, சூரியன் சந்திரனுக்கு நடுவில் சிலுவை.

"உருவம் பொம்பள வெட்டற வழக்கம் இல்லம்மா. நான் வெட்டறேன், நீ பாலீஷ் போடு."

"கட்டினவ நான். நான் வெட்டறேன். நீ உளி காய்ச்சிக் குடு."

அவன் துருத்தியை எடுத்து வைத்தான். எங்கள் வீட்டில் என்னோடு சண்டை போட்டு ஜெயித்தவர்கள் குறைவு.

நான் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கொத்துவேன். மனசுக்குள் ஒரு மணி, கையில் பத்து அடி. ஐம்பத்து மூன்று மணி முடிந்தால் ஒரு விரல் அகலம் இறங்கியிருக்கும். எங்கள் அப்பா வைத்த கணக்கு இது. கை வேகமாகப் போனாலும் ஜெபம் போகவிடாது. பத்து நாளில் சிலுவை வந்தது, சூரியன் சந்திரன் வந்தது, ஆளின் கால், இடுப்பு, தோள், தோளில் சாய்த்த துடுப்பு எல்லாம் வந்தது. தலை வட்டமாக நின்றது. கரியால் கண் மூக்கு போட்டுப் பார்த்தேன். அவர் இல்லை. துடைத்தேன். மறுபடி போட்டேன். அப்பாவின் மூக்கு வந்தது. துடைத்தேன்.

பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவரின் முகம் எனக்கு வரவில்லை. அழுகை வராதது போலவே அதுவும் வரவில்லை. நாலு நாள் உளியைத் தொடாமல் அந்த வட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"அவரு மூக்கு எப்டி இருக்கும்?"

"இன்னாக்கா கேக்குற? மூக்கு மாதிரிதான் இருக்கும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நான் இன்னாத்தக் கண்டேன். எப்பவும் கல்லாண்ட குனிஞ்சிகினு இருப்பாரு. முதுகுதான் தெரியும்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னது சரிதான். நங்கூரக் கல்லில் துளை போடும்போது அவர் அந்தப் பக்கம் திரும்பித்தான் உட்காருவார், சிதறல் என் மேல் படக்கூடாது என்று. நான் பின்னால் உட்கார்ந்து அடுத்த கல்லுக்கு ஓரம் தட்டுவேன். கடலுக்குப் போகும்போதும் முதுகுதான். இடது தோள்பட்டை வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். கழுத்துக்குக் கீழே தட்டையாக ஒரு மரு. முடி கழுத்தில் இரண்டு பக்கமும் சுழித்துக்கொண்டு இறங்கும். இதெல்லாம் யோசிக்காமலே கைக்குத் தெரிந்தது.

முன்பக்கமாக வெட்டியிருந்த உருவத்தை முதுகாகத் திருப்பினேன். மார்பு இருந்த இடத்தில் தண்டுவடப் பள்ளம் இறக்கினேன். கால் பெருவிரல்களைத் தட்டிக் குதிகால் ஆக்கினேன். தோளைத் தாழ்த்தினேன். மருவை மட்டும் கொத்தாமல் மேடாக விட்டேன். அண்ணன் வந்து பார்த்தான்.

"முதுகு காட்டி நிக்கிற கல்லு நம்ம சாதிசனத்துல எவனும் வெட்டல."

"இப்ப வெட்டியாச்சு."

சாமியார் அடுத்த ஞாயிறு வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டார்.

"முகம் எங்கம்மா?"

"அந்தப் பக்கம் கீது சாமி."

"எந்தப் பக்கம்?"

"சிலுவையைப் பாத்துகினு நிக்கிறாரு. நமக்கு முதுகுதான தெரியும்."

அவர் கல்லைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். அங்கே கொத்தாத பாறைதான் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் எனக்கு ஏதாவது இருந்தது என்றால் அதுதான்.

"சரி," என்றார். "ஆனா இதுக்கு மஞ்சள் குங்குமம் வெக்கிறது, கோழி அறுக்கிறது, இதெல்லாம் ஆரம்பிச்சுடக்கூடாது."

"நாங்க வேதத்துக்கு வந்து மூணு தலைமுறை சாமி. நீங்க குருப்பட்டம் வாங்கறதுக்கு ரொம்ப முன்னாடி."

அவர் சிரித்துவிட்டு சைக்கிளை எடுத்தார். தண்ணீரில் கிடத்துவதைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒன்று சொல்வார்.

திருநாளுக்கு ஐந்து நாள் இருந்தது. கட்டுமரங்கள் எல்லாம் கடலுக்குள் போயிருந்த மத்தியான நேரத்தில் நானும் அண்ணனும் கல்லை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு போனோம். யாரையும் கேட்கவில்லை. இது எங்கள் வீட்டு விஷயம், மீன்காரர்களிடம் என்ன கேட்பது என்று இருந்தேன். இடுப்பளவு தண்ணீரில், சிலுவை மேலே பார்க்கும்படி மல்லாக்கக் கிடத்தினோம். தேங்காய் நார்க் கயிற்றை அதன் இடுப்பில் சுற்றி, மறு நுனியைக் கரையில் முளை அடித்துக் கட்டினோம். நான் ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். அண்ணன் கல்லின் தலைப்பக்கம் உள்ளங்கையை வைத்து எடுத்தான். அப்பா மாதிரியே செய்தான்.

மூன்றாம் நாள் போய்க் கயிற்றை இழுத்தோம். வரவில்லை. கயிறு கடலுக்குள் நீளமாகப் போகாமல் செங்குத்தாக மணலுக்குள் இறங்கியிருந்தது. அண்ணன் பலமாக இழுத்தான். கயிறு அறுந்து, அவன் பின்னால் விழுந்தான். அறுந்த நுனி மட்டும் கையில் இருந்தது.

கட்டுமரத்துக்காரர் கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட வந்த ஒருவர் சிரித்துவிட்டார்.

"அம்மிக்காரம்மா, இத இன்னா உங்கூரு ஏரின்னு நென்ச்சிகினியா?"

"சும்மா இர்றா," என்றார் கட்டுமரத்துக்காரர். பிறகு என்னிடம், "யம்மா, அலை திரும்பும்போது கல்லுக்கு அடியில கீற மண்ண வாரிகினு பூடும். கல்லு எறங்கிகினே போவும். நாங்க நங்கூரமே ஒரு ராத்திரி உட மாட்டோம். ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

கேட்டிருக்கலாம். ஏரியில் கல் போட்ட இடத்தில் கிடக்கும். வண்டல்தான் படியும், தடவினால் கைக்கு வரும். எங்கள் ஆட்கள் ஆயிரம் வருஷம் அப்படித்தான் கிடத்தியிருப்பார்கள். அவர்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. எனக்கு அது தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் தேடினார்கள். அலை உள்வாங்குகிற நேரமாகப் பார்த்து ஆறு பேர் இறங்கி இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். ஒரு தடவை ணங் என்றது. தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மணல் மூடியது. கட்டுமரத்துக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி முங்கி எழுந்தார். கண் சிவந்து போனது. அவர் எதற்காக அவ்வளவு முங்கினார் என்று எனக்குத் தெரியும். போதும் என்று நான்தான் சொன்னேன்.

"உன் வூட்டுக்காரரு போன எடத்துக்கே கல்லும் போயிகீதுக்கா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, அழுதுகொண்டே.

கல் எங்கும் போகாது. கரையிலிருந்து இருபது அடியில், ஆள் ஆழ மணலுக்குக் கீழே, மல்லாக்கக் கிடக்கிறது. எனக்கு அதுதான் தெரிந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை.

திருநாள் காலையில் அண்ணன் அவசரமாகப் பேசினான். வண்டியில் ஒரு துண்டுக் கல் கிடக்கிறது, மத்தியானத்துக்குள் ஒரு சின்னச் சிலுவை வெட்டி நட்டுவிடலாம், சாமியார் கேட்டதும் அதுதானே.

"வேணாம்," என்றேன்.

"வீம்பு பண்ற நேரமா இது? எடம் போய்டும்."

"அவருக்கு வெட்ட வேண்டியத வெட்டியாச்சு. இன்னொண்ணு வெட்டினா அது வெறும் கல்லு. அவருக்குன்னு சொல்லிப் பொய்யா நட மாட்டேன்."

"அப்ப அங்க போய் இன்னாத்தக் காட்டுவ சாமியாருக்கு?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கல்லின் அடிப்பாகம் இறங்குவதற்கு ஒரு முழ ஆழம் வேண்டும் என்று முன்பே அளந்து வைத்திருந்தேன். அந்த அளவுக்குக் குழி எடுத்தேன். நாலு பக்கமும் ஓரம் நேராகச் சீவினேன். மணல் சரியாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத் தட்டினேன். கல் இல்லாத குழிக்கு எதற்கு இவ்வளவு என்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள்.

சாயங்காலம் வாடைக் காற்று எடுத்துவிட்டது. மழை வரும்போலவும் இருந்தது. குழிக்குக் குழி மெழுகுவத்தி ஏற்றுவதும், காற்று அணைப்பதும், மறுபடி ஏற்றுவதுமாக இருந்தார்கள். தீக்குச்சி கடன் கேட்கிற சத்தம்தான் அதிகம். நான் என் குழிக்குள் கையை விட்டு அடியில் ஒரு மெழுகுவத்தியை ஊன்றி ஏற்றினேன். அது காற்றில்லாமல் நேராக எரிந்தது. குழியின் நாலு சுவரும் மஞ்சளாகத் தெரிந்தது. நான் பக்கத்தில் நின்றேன். நிற்க வேண்டும் என்றுதானே இருந்தேன், நின்றேன்.

சாமியார் வரிசையாகத் தெளித்துக்கொண்டு வந்தார். கூடவே, இடம் கேட்டிருந்த குடும்பத்துப் பெரியவரும் வந்தார். கல் நடவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெற்கு மதிலுக்கு வந்ததும் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"சாமி, இங்க கல்லு இல்லியே. வெறும் குழிதான கீது."

சாமியாருக்கு அதற்குள் யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அவர் குனிந்து குழிக்குள் பார்த்தார். பிறகு தண்ணீரைச் சுடரில் படாமல் நாலு மூலையிலும் தெளித்தார், ஜெபம் சொன்னார், என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னார். ஆவணிக்குப் பிறகு அந்தப் பேரை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

"இங்க ஆள் இருக்கு," என்றார் பெரியவரிடம். "நீங்க வடக்குப் பக்கம் பாருங்க."

அடுத்த குழிக்குப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பாள். வரவில்லை. கால் மரத்துப் போயிருந்தது, மாற்றி நின்றேன். மெழுகுவத்தி கடைசி வரைக்கும் எரிந்தது.

மறுநாள் ஆடு விழுந்துவிடும் என்று குழியை மூடச் சொன்னார்கள். வேறு யாரையும் தொட விடாமல் நானே போய் மூடினேன். மூடிய பிறகு மற்ற மணலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் மதில் மூலையில் குதிகாலை ஒட்டி வைத்து, அடி மேல் அடி வைத்து அளந்தேன். என் காலுக்கு ஒன்பது அடி. அடுத்த திருநாளுக்கும் ஒன்பது அடி அளந்து, தோண்டி, ஏற்றி, மூடினேன். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. இடம் தப்பியதில்லை.